கற்றாழையும் மரகதப்புறாவும் நான் வெட்டிய படமும்

எழுபத்திரண்டு வயதில் ஒரு மொபெட்டின் பின்சீட்டில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போவது மரியாதைக்குரிய காரியமா என்று தெரியவில்லை. போன பங்குனியில் நாகமலை அடிவாரச் சாலையில் நான் அப்படித்தான் போனேன். வண்டி ஓட்டியவர் என்னை மன்னித்துவிட்டாரா என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. தெரியாமலே சிரித்தேன். அந்தக் கிறுகிறுப்பு இன்னும் முழுசாக இறங்கவில்லை. இறங்குவதற்குள் எழுதிவிட வேண்டும். இறங்கிவிட்டால் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டி எழுதிவிடுவேன்.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன். ஓய்வுபெற்றதும் நகரத்துக்கு மேற்கே, நாகமலையைப் பார்த்தாற்போல ஒரு மனையில் வீடு கட்டிக் குடிவந்தேன். பின் தெருவில் இருப்பவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். திருமங்கலம் வண்டியை இருபத்தேழு வருடம் ஓட்டியவர். அத்தனை வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்பது அவருடைய பெருமை. “எல்லாம் கண்ணுண்ணே” என்று இரண்டு விரலால் தன் கண்களைக் காட்டிச் சொல்வார். காலை நடைக்குப் போகும் எங்கள் குழுவில் மற்ற எல்லோரும் என்னை சார் என்பார்கள். அவர் ஒருவர்தான் அண்ணே என்பார். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இதற்குப் பின் வருவதைப் படித்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

முந்தைய கார்த்திகையில், இரண்டு நாள் மழை விட்டிருந்த ஒரு காலையில், டீக்கடைக்கு அவர் கொஞ்சம் வேகமாக வந்தார். எப்போதும் முதலில் டீ சொல்வார், அன்று சொல்லவில்லை. தன் வீட்டுக் கொல்லையில் ஒரு புறாவைப் பார்த்ததாகச் சொன்னார். புறாதானே என்றார் இரும்புக் கடைக்காரர். எங்கள் குழுவில் கிண்டலுக்கென்றே பிறந்தவர் அவர். டிரைவர் அவரைக் கண்டுகொள்ளாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“றெக்கை பச்சைண்ணே. சாதாரணப் பச்சை இல்ல, வெத்தலைப் பச்சை. சோழவந்தான் வெத்தலைய ஈரத்துணிக்குள்ள வச்சு எடுத்தா ஒரு மினுமினுப்பு வருமே, அது. மூக்கு செவப்பு.”

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மரகதப்புறா. தமிழ்நாட்டின் மாநிலப் பறவை. பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அது மலைக்காட்டுப் பறவை. சிறுமலையிலும் அழகர்மலையிலும் நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் சருகுக்குள் நடந்து விதை பொறுக்கும். எங்கள் பொட்டலுக்கு அது வருவதென்றால் மழையில் வழி தவறித்தான் வர வேண்டும். அபூர்வம், நடக்காத காரியம் இல்லை.

இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் துறை அலமாரியில் ஒரு மரகதப்புறா இருந்தது. பஞ்சு அடைத்தது. பச்சை வெளுத்துப் பாசி நிறமாகி, ஒரு கண்ணாடிக் கண் எங்கோ விழுந்துவிட்டிருந்தது. முப்பத்துநாலு வருடம் அந்த ஒற்றைக்கண்ணனை மேசைமேல் வைத்துப் பாடம் நடத்தினேன். உயிருள்ளதை நான் பார்த்ததில்லை. வருடாவருடம் மாணவர்களைச் சிறுமலைக்குக் கூட்டிப்போவேன். “சார், அந்தா போகுது” என்று யாராவது கத்துவார்கள். ஒவ்வொரு முறையும் நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டித் தலை எண்ணிக்கொண்டிருப்பேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று எண்ணி முடித்துத் திரும்பினால் ஒரு கிளை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்டவனுக்கு, ஒரு மனிதர் பல் விளக்கிக்கொண்டே கொல்லையில் பார்த்தேன் என்று சொன்னால் எப்படி இருக்கும்? நான் என் வகுப்புக் குரலை எடுத்தேன். அது புள்ளிப்புறாவாக இருக்கும், நனைந்த வேப்பிலையின் நிழல் மேலே விழுந்து பச்சையாகத் தெரிந்திருக்கும் என்றேன். அந்தப் பறவை இங்கே வருவதற்கில்லை என்றேன். அதோடு நிறுத்தாமல், “தம்பி, ஒருதரம் கண்ணைக் காட்டிட்டு வந்துடுங்க” என்றும் சொன்னேன்.

“நம்ம மாநிலப் பறவை நம்ம மாநிலத்துக்குள்ள வரக் கூடாதாண்ணே?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. எல்லோரும் சிரித்ததில் அது அடிபட்டுப் போயிற்று. அன்றிலிருந்து இரும்புக் கடைக்காரர் அவரைப் பார்த்தாலே “வாங்க மாப்ள, பச்சைப்புறா சௌக்கியமா?” என்று கேட்க ஆரம்பித்தார். டீக்கடைக்காரரும் பிடித்துக்கொண்டார். “பச்சைப்புறாவுக்கு ஒரு டீ, சக்கரை கம்மி.”

டிரைவர் கோபப்படவில்லை. வேறொன்று செய்தார். மூன்று நாளுக்குள் குழுவில் பாதிப் பேர் அவர் கொல்லைக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். புறா வரவில்லை. இத்தனை பேர் கண் பட்டால் எப்படி வரும் என்று அவருக்குத் தோன்றியது. பரவை சந்தையில் தெரிந்த ஆளிடம் சொல்லி, வேரோடு பிடுங்கிய பெரிய சோற்றுக்கற்றாழை ஒன்றைக் கொண்டுவந்தார். மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, சணல் கயிற்றால் வேர் மேலே வரும்படி தலைகீழாகக் கட்டி, கொல்லையில் முருங்கைக் கிளையில் தொங்கவிட்டார். எங்கள் பக்கம் வீட்டு வாசலிலும் கடை வாசலிலும் திருஷ்டிக்குக் கற்றாழை தொங்கும். ஒரு புறாவுக்காகத் தொங்கவிட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அதைப் பார்க்கவே நான் அவர் வீட்டுக்குப் போனேன். பார்த்துச் சிரிக்க. அவர் சந்தைக்குப் போயிருந்தார். அவர் மனைவி, “இப்ப வந்துருவாக, பின்னாடி உக்காருங்கண்ணே, காப்பி கொண்டு வாரேன்” என்றார். கொல்லையில் துவைக்கிற கல்லுக்கு எதிரே ஒரு நாற்காலி. கற்றாழை காற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது, தலைகீழாக மாட்டிய ஒரு பச்சை விசிறி மாதிரி. கைபேசியை எடுத்து நன்றாகக் குறிவைத்து ஒரு படம் எடுத்தேன். குழுவுக்கு அனுப்பத்தான். என்ன எழுதி அனுப்பலாம் என்று யோசித்தபடியே திரையைப் பார்த்தேன்.

படத்தின் கீழ் ஓரத்தில் ஏதோ பச்சையாக இருந்தது.

தலையைத் தூக்கினேன். துவைக்கிற கல்லின் அடியில், தேங்கிய தண்ணீருக்குப் பக்கத்தில், நாலு எட்டுத் தூரத்தில் அது நின்றுகொண்டிருந்தது. இரண்டு கண்ணும் இருந்தது. எனக்கு முதலில் தோன்றியது அதுதான், வெட்கமாக இருக்கிறது. நெற்றியிலிருந்து கண்ணுக்கு மேலாக ஒரு வெள்ளைக் கோடு, ஆண். மார்பு நாவல்பழச் சாறு பட்டுத் துவைத்த துணி மாதிரி. றெக்கை எந்த நிறம் என்று நான் படித்த புத்தகம் எதிலும் சரியாக எழுதவில்லை. ஈரத்துணியில் வைத்து எடுத்த சோழவந்தான் வெற்றிலை நிறம். அது குனிந்து தண்ணீர் குடித்தது. பெரும்பாலான பறவைகள் ஒரு வாய் எடுத்துத் தலையை நிமிர்த்தி விழுங்கும். புறா தலை கவிழ்ந்தபடியே உறிஞ்சும். இதைத் தேர்வுக் கேள்வியாக எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். மேலே தலைகீழாகத் தொங்கும் செடி, கீழே தலை கவிழ்ந்து குடிக்கும் பறவை, நடுவில் மூச்சை அடக்கிக்கொண்டு நான். என் இதயம் மாணவப் பருவத்துக்குப் போய்விட்டது. காப்பி டம்ளர் சத்தம் கேட்டதும் புறா தரையோடு தரையாக வேலியைத் தாண்டிப் போயிற்று.

அவர் மனைவி காப்பியை நீட்டி, என்னண்ணே முகமெல்லாம் இப்படி இருக்கு என்று கேட்டார். கற்றாழையைப் பார்த்தேன்மா என்றேன்.

வீட்டுக்குப் போய்ச் செய்த காரியத்தை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். படத்தைத் திறந்தேன். கீழ் ஓரத்தை விரலால் மேலே தள்ளினேன். புறா வெளியே போயிற்று. கற்றாழை மட்டும் நின்றது. அதற்கு அடியில் “புறாவுக்குத் திருஷ்டி கழிக்கப்பட்டது” என்று எழுதி, சிரிக்கிற பொம்மைகள் நாலு சேர்த்துக் குழுவுக்கு அனுப்பினேன்.

ஏன் என்று கேட்டால், அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான். வேறு ஆழமான காரணம் எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாளைக்கு என்பது ஒரு வாரமானதும், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

மார்கழியில் அவர் என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குக் கூப்பிட்டார். நானே சொன்ன யோசனை. வர முடியாது என்று எப்படிச் சொல்வது? என்ன தொந்தரவு என்று மருத்துவர் கேட்டதற்கு, “பழுப்பு நிறப் புறா பச்சையாத் தெரியுதுங்க” என்றார். அந்தப் பெண் சிரிக்காமல் பொறுமையாக எல்லாச் சோதனையும் செய்தார். இந்த வயதுக்கு இவ்வளவு நல்ல கண்ணைப் பார்ப்பது அரிது, நிறமும் சரியாகத் தெரிகிறது, போய்ட்டு வாங்க தாத்தா என்றார். நான் பெரிய நிம்மதியோடு வெளியே வந்தேன். முடிந்தது, இனி இவர் தன் கண்ணை நம்பிக்கொள்வார், நான் சொல்லவே தேவையில்லை என்று கணக்குப் போட்டேன்.

திரும்பி வருகிற பஸ் பாத்திமா கல்லூரி நிறுத்தம் தாண்டியது. அவர் சன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

“கண்ணு நல்லாருக்குன்னா, அப்ப மண்டையிலதாண்ணே கோளாறு.”

அவருடைய அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் அப்படித்தான் ஆரம்பித்ததாம். எப்போதோ விற்றுவிட்ட காளையைப் பேர் சொல்லித் தண்ணீர் காட்டக் கூப்பிடுவாராம். காளை வருகிறது, தள்ளி நில்லுங்க என்பாராம். இல்லாத காளை அவர் கண்ணுக்குத் தெரிந்த மாதிரி, இல்லாத புறா தன் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது என்றார். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறது. காப்பி சாப்பிடலாமா என்று கேட்டேன்.

தைக்குப் பிறகு அவர் நடைக்கு வருவது குறைந்தது. வந்தாலும் சட்டைப்பையில் ஒரு சீட்டு வைத்திருப்பார். கேஸ் மூடியாச்சு, கதவு பூட்டியாச்சு, மாத்திரை போட்டாச்சு என்று அதில் எழுதியிருக்கும். இரும்புக் கடைக்காரரே பச்சைப்புறா கிண்டலை விட்டுவிட்டார். பங்குனி பிறந்த வாரம் டிரைவர் என் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று, தன் மொபெட் சாவியை என் கையில் வைத்தார்.

“நீங்க வச்சிருங்கண்ணே. நான் கேட்டாலும் குடுக்காதீக. ரோட்டுல இல்லாதது தெரிஞ்சா பிரேக் போட்டுருவேன், பரவால்ல. இருக்கிறது தெரியாமப் போச்சுன்னா?”

இருபத்தேழு வருடம் ஒரு கோழியைக்கூட அடிக்காத கை. அந்தச் சாவி ஒன்பது நாள் என் சட்டைப்பையில் இருந்தது.

அந்த ஒன்பது நாளும் நான் வேறு வேலை பார்க்கவில்லை. வெட்டாத படம் கைபேசியில் அப்படியேதான் இருந்தது. அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை, திருடன்கூடப் பொருளை ரசிப்பான் போலிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். புறா கலங்கிப் பச்சைப் புகையாகிவிடும். கற்றாழையோ, ஓரத்து முள்ளை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. பறவையையே பாடம் நடத்திய நான் முதல்முறையாக ஒரு செடியை உட்கார்ந்து பார்த்தேன். நேரில் போயும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். மண் இல்லை, தண்ணீர் இல்லை. நாலு மாதமாகத் தலைகீழாகத் தொங்குகிறது. அடி இலைகள் சுருங்கித் தங்கள் ஈரத்தை நடுக்குருத்துக்குக் கொடுத்திருந்தன. குருத்து அப்படியே வளைந்து வானத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பகலில் மூச்சுத் துளைகளை மூடிவைத்துக்கொண்டு இருட்டில் மட்டும் திறக்கும் செடி அது. ஒரு சொட்டைக்கூட வீணாக்காது. யாரும் அதைக் காசு கொடுத்து வாங்குவதில்லை, கேட்டால் பிடுங்கித் தருவார்கள். எங்கே கட்டினாலும் இருக்கும். புறாவுக்கோ நிழல் வேண்டும், சருகு வேண்டும், அமைதி வேண்டும். ஒரு டம்ளர் சத்தத்துக்குப் போய்விடும். ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டாலும் சாகாது, மற்றதைக் கொஞ்சம் ஆசையோடு பார்த்தாலே இருக்காது.

இந்த ஒப்பீட்டை மிகவும் ரசித்து வளர்த்துக்கொண்டிருந்தபோதுதான், ஒன்பதாம் நாள், எனக்கு ஒன்று உறைத்தது. மண்ணும் தண்ணீரும் இல்லாமல், தலைகீழாகக் கட்டிப் போட்டும் குருத்து விடுகிற சாமான் ஒன்று என்னிடமும் இருந்தது. என் பொறாமை. ஒற்றைக்கண்ணன் காலத்திலிருந்து தொங்குகிறது. இது தோன்றியதும் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. தனியாக வீட்டில் உட்கார்ந்து அப்படிச் சிரித்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், டீக்கடைக்கு வாங்க தம்பி, கட்டாயம் வரணும் என்று இழுத்துக்கொண்டு போனேன்.

குழு முழுவதும் இருந்தது. நான் உட்காரவில்லை. கார்த்திகையில் இவர் கொல்லையில் மரகதப்புறாவை நானும் பார்த்தேன், படமும் எடுத்தேன், புறாவை வெட்டிவிட்டு உங்களுக்கு அனுப்பினேன், என்று ஒரே மூச்சில் சொன்னேன். கைபேசியை இரும்புக் கடைக்காரரிடம் கொடுத்தேன். அவர் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிரைவரிடம் கொடுத்தார். அந்த மனிதருக்குச் சொல் கிடைக்காமல் போய் அன்றுதான் பார்த்தேன்.

டிரைவர் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். அவர் என்னை அடித்தால் எந்தக் கன்னம் என்றுகூட நான் யோசித்துவிட்டேன்.

“எம்புட்டு நேரம் நின்னுச்சு?” என்று கேட்டார்.

காப்பி போடுகிற நேரம் என்றேன்.

“தண்ணி குடிச்சுச்சா?”

“குடிச்சது.”

“கண்ணுக்கு மேல வெள்ளைக் கோடு இருந்துச்சா?”

“இருந்தது தம்பி.”

“நான் அதச் சொல்லல. அதையும் சொன்னா ரொம்ப அளக்குறான்பீங்கன்னு விட்டுட்டேன்.” அவர் கைபேசியை என்னிடம் தந்துவிட்டுக் கையை நீட்டினார். “சாவியக் குடுங்க.”

கொடுத்தேன். அவர் சட்டைப்பையிலிருந்த சீட்டை எடுத்து நாலாகக் கிழித்து டீக்கடைத் தொட்டியில் போட்டார். வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே நடந்தேன். வண்டியை வெளியே தள்ளி, ஒன்பது நாள் தூசியைக் கையால் துடைத்து, முதல் மிதியிலேயே கிளப்பினார்.

“ஒங்க மேல கோவம் இருக்குண்ணே,” என்றார். “அது பாட்டுக்கு இருக்கட்டும். ஏறுங்க.”

ஏறினேன். எங்கே என்று கேட்கவில்லை. நாகமலையை ஒட்டிய சாலையில் அவர் அந்தச் சின்ன வண்டியைத் திருமங்கலம் பஸ் மாதிரி ஓட்டினார். வளைவுக்கு வளைவு ஹாரன். ஒரு கையை விட்டுவிட்டு, அந்தா பனங்காடை, இந்தா கம்பியில மீன்கொத்தி, வரப்புல மூணு மயிலு என்று காட்டிக்கொண்டே போனார். ரோட்டைப் பாருங்க தம்பி என்று நான் கத்தினேன். “ரெண்டும் தெரியுதுண்ணே,” என்று அவர் கத்தினார். அங்கேதான் எனக்குச் சிரிப்பு ஆரம்பித்தது. ஒரு கோழி குறுக்கே ஓடியது. அவர் அதை அத்தனை அழகாகச் சுற்றி வந்தார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அவர் முதுகும் குலுங்கியது. அது சிரிப்பா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ரோடும் மோசம்.

வீடு திரும்பியதும் விஷயத்தைக் கேட்ட அவர் மனைவி சிரிக்கவில்லை. கொல்லையில் எங்களை நிற்கவைத்தே கேட்டார்.

“மூணு மாசம், அடுப்பை அமத்துனேனா அமத்துனேனான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பார்த்தாருண்ணே எம்புருசன். ஒரு வார்த்தை சொல்ல ஒங்களுக்கு வாயில என்ன இருந்துச்சு?”

தப்புத்தாம்மா என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். ஆனால் கொஞ்ச நேரத்தில் மூன்று காப்பி வந்தது.

டிரைவர் கற்றாழையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் பார்த்தபோது எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், புறா எங்கே நின்றது, முதலில் எதைப் பார்த்தீர்கள் என்று விசாரணை அதிகாரி மாதிரி கேட்டார். முதலில் கற்றாழையைத்தான் என்றேன். புறாவைப் படத்தில் பார்த்தபிறகுதான் நேரில் பார்த்தேன் என்றேன். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“அப்ப வேலை செஞ்சிருக்குல்ல,” என்றார். “ஒங்க கண்ணு மொதல்ல கத்தாழை மேலதான விழுந்துருக்கு. நேரா புறா மேல விழுந்துருந்தா அது அன்னைக்கே செத்துருக்கும்ணே.”

விலங்கியல் படித்த நான் இதற்கு ஒரு மறுப்பு யோசித்தேன். வரவில்லை. அந்தக் கொல்லையில் அன்று கண் வைத்தவன் நான் ஒருவன்தான். அந்தக் கண்ணை அந்தச் செடிதான் வாங்கிக்கொண்டது. என் வீட்டு வாசலுக்கும் ஒரு கன்று பிடுங்கித் தாருங்கள் என்று கேட்டேன். ஒங்களுக்கு எதுக்குண்ணே, கண்ணு வைக்கிறவரே நீங்கதான என்றார். அன்றைக்கு அவர் என்னைக் கிண்டல் செய்தது அந்த ஒருமுறைதான். அதை வைத்து நான் மன்னிப்பைக் கணக்கிட்டுக்கொண்டேன். பாதி என்று வைத்திருக்கிறேன்.

இப்போது அந்தப் படம், வெட்டாதது, பெரிதாக்கப்பட்டுக் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது. கற்றாழை நடுவில் ராஜா மாதிரி தொங்குகிறது. புறா கீழ் ஓரத்தில் ஒரு பச்சைக் கறை. வருகிறவர்கள் எல்லோரும், எதற்கு வீட்டுக்குள் கற்றாழைப் படம் மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். அவர் விளக்கம் சொல்வதில்லை. பாத்தவரு பின்னாடித் தெருவுல இருக்காரு, அவரே வந்து சொல்லுவாரு என்று எனக்குப் போன் செய்கிறார். நான் போய், விரலால் புறாவைக் காட்டி, நான் அதை வெட்டியதையும் சேர்த்து முழுக்கதையும் சொல்ல வேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் எதையாவது விட்டுவிட்டால் எடுத்துக்கொடுப்பார். கண் ஆஸ்பத்திரியை விட்டுட்டீகளேண்ணே என்பார்.

இந்த மாதத்தில் நாலு தடவை ஆயிற்று. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஐந்தாவது அழைப்பு வந்திருக்கிறது.

“அண்ணே, திருமங்கலத்துலருந்து சம்பந்தி வீட்டாளுக வந்துருக்காக.”

“வாரேன் தம்பி,” என்று சொல்லிவிட்டேன். செருப்பைத் தேடும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.